ஒரு பக்கத்தில் இரு மொழிகள்: நைல் கரை ஏடுகளும் மலையகத் தோட்டங்களும்

ஒஸ்லோ பல்கலைக்கழக நூலகத்தில் 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய பாப்பிரஸ் ஏடொன்றின் துண்டுகள் பாதுகாக்கப்படுகின்றன. எகிப்தில் எழுதப்பட்ட ஏடு அது. மத்தேயு நற்செய்தியின் 11 ஆம் அதிகாரத்தில் 25 முதல் 30 வரையான வசனங்கள் அதில் உள்ளன. உழைத்துக் களைத்தவர்களையும் பாரம் சுமப்பவர்களையும் இயேசு தம்மிடம் அழைத்து, இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் இடம் அது. அந்த அழைப்பு கிரேக்கத்திலும் இருக்கிறது. எகிப்தியக் குடியானவர்களின் மொழியான கொப்திக்கிலும் இருக்கிறது. 1945 இல் லெய்வ் அமுண்ட்சென் இதைப் பதிப்பித்தார். புதிய ஏற்பாட்டு ஆய்வாளர்கள் இதற்குப் பாப்பிரஸ் 62 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தகைய இருமொழி ஏடுகளைப் பாட ஆய்வாளர்கள் வசனங்களின் பழைய வடிவத்தை அறியவே பெரிதும் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பணி முக்கியமானது. ஆனால் இந்த ஏடுகள் சமூக வரலாற்றுக்கும் சான்றுகள். ஒரு பக்கத்தில் இரண்டு மொழிகளை எழுதுவதற்கு ஏடும் மையும் உழைப்பும் இரட்டிப்பாகச் செலவாகும். யாருக்காக அந்தச் செலவைச் செய்தார்கள்? இரண்டு மொழிகளில் எது யாருடையது? இந்தக் கேள்விகளை நைல் கரையில் கேட்டுப் பழகிய பிறகு, இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கும் அவற்றைக் கொண்டுவரலாம். அங்கும் ஆள்பவரின் மொழியும் உழைப்பவரின் மொழியும் ஒரே மலையில் வாழ்ந்தன. அங்கும் அதே வேதம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பக்கங்கள் வேறு விதமாக அமைந்தன. அந்த வேறுபாடு மலையக மக்களின் வரலாற்றைப் பற்றி நிறையச் சொல்கிறது.

மணல் காத்த ஏடுகள்

பேரரசன் அலெக்சாந்தர் கி.மு. 332 இல் எகிப்தைக் கைப்பற்றிய பிறகு அந்நாட்டின் ஆட்சிமொழி கிரேக்கமாயிற்று. கி.மு. 30 இல் உரோமர் வந்த பிறகும் அலுவலகங்களில் கிரேக்கமே நிலைத்தது. வரி, நீதிமன்றம், நகரத்துப் பள்ளி எல்லாம் கிரேக்கத்தில் நடந்தன. வயலில் உழைத்தவர்கள் வீட்டில் எகிப்திய மொழியே பேசினார்கள். கிறிஸ்தவம் அலெக்சாந்திரியாவில் கிரேக்கம் பேசியபடி வந்து, நைல் நதியோரமாகத் தெற்கே போகப் போக எகிப்திய மொழி பேசத் தொடங்கியது. இருமொழி ஏடுகள் இந்தப் பயணத்தின் நடுவில் பிறந்தவை.

ஹம்பர்க் நூலகத்தில் கி.பி. 300 அளவில் எழுதப்பட்ட ஓர் ஏட்டுப் புத்தகம் இருக்கிறது. பவுலின் பணிகள் என்ற நூல் அதில் கிரேக்கத்தில் இருக்கிறது. உன்னதப்பாட்டும் புலம்பலும் கொப்திக்கில் இருக்கின்றன. பிரசங்கி நூல் மட்டும் இரண்டு மொழிகளிலும் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூரில் உள்ள 4 ஆம் நூற்றாண்டு ஏடான பாப்பிரஸ் 6 இன்னும் சுவையானது. உரோமைக் கிளமெந்தின் முதல் கடிதமும் யாக்கோபின் கடிதமும் அதில் கொப்திக்கில் மட்டும் இருக்க, யோவான் நற்செய்தி கிரேக்கத்திலும் கொப்திக்கிலும் இருக்கிறது. கடிதங்களுக்கு மக்கள் மொழி மட்டுமே போதுமாக இருந்தது. நற்செய்திக்கு இரண்டும் வேண்டியிருந்தது. சபையின் நடுவே உரக்க வாசிக்கப்பட்ட நூலுக்குக் கிரேக்கத்தின் அதிகாரமும் கொப்திக்கின் தெளிவும் ஒருங்கே தேவைப்பட்டன என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

வியன்னாவிலுள்ள ஒஸ்திரிய தேசிய நூலகத்தில் இத்தகைய ஏடுகள் பல உள்ளன. அப்போஸ்தலர் பணிகளின் பகுதிகளைக் கொண்ட பாப்பிரஸ் 41, லூக்கா நற்செய்தியின் பாடல்களைக் கொண்ட பாப்பிரஸ் 42, மத்தேயுவின் பகுதியைக் கொண்ட பாப்பிரஸ் 96 ஆகியவை அங்கிருக்கின்றன. தமிழ் வாசகர்களுக்கு அந்தத் தொகுப்பு புதிதல்ல. முசிறித் துறைமுகத்திலிருந்து எகிப்துக்குப் போன சரக்கைப் பற்றிய 2 ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஆவணம், அதாவது முசிறி பாப்பிரஸ், அதே நூலகத்தில்தான் இருக்கிறது. செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசைர் அல் காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. இந்த ஏடுகள் எழுதப்படுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே எகிப்தின் கரையில் தமிழ் எழுத்து இருந்தது.

கேட்பவருக்காக எழுதிய மொழி

ஒரு சபையில் இரண்டு மொழிகள் எப்படி ஒலித்தன என்பதற்கு நேரடிச் சாட்சியங்கள் உண்டு. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் பயணம் வந்த எகேரியா என்ற பெண் தான் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆயர் எப்போதும் கிரேக்கத்திலேயே பேசுவார். அருகில் நிற்கும் குரு ஒருவர் அதைச் சீரியத்தில் சொல்வார். வாசகங்களும் அவ்வாறே பெயர்த்துச் சொல்லப்படும். பாலஸ்தீனத்தில் 303 இல் கொல்லப்பட்ட புரோகோப்பியஸ் தம் சபையில் கிரேக்கத்தை அரமேயத்தில் பெயர்த்துச் சொல்லும் பணியில் இருந்தவர் என்று எவுசேபியு எழுதுகிறார். மொழிபெயர்த்துச் சொல்வது சபைக்குள் ஒரு முறையான ஊழியமாக இருந்தது.

எகிப்தில் இதற்கு மிகப் பெரிய சான்று அந்தோனியாரின் வாழ்க்கை. சுமார் 251 இல் பிறந்த அவர் இளைஞராக ஆலயத்துக்குப் போனபோது, உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. அதைக் கேட்டவர் அப்படியே செய்து பாலைவனத்துக்குப் போனார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலில் அதனாசியார் எழுதுகிறார். அதே நூலில், கிரேக்க அறிஞர்களோடு அந்தோனியார் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார் என்றும் இருக்கிறது. அப்படியானால் அன்று ஆலயத்தில் அந்த வசனம் எகிப்திய மொழியில் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கிறிஸ்தவத் துறவு வாழ்வின் வரலாற்றையே திருப்பிய அந்தக் கணத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார்.

பின்னர் வந்த பக்கோமியுவின் மடங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. புதிதாகச் சேர்பவருக்கு எழுத்து தெரியாவிட்டால், அவர் விரும்பாவிட்டாலும் வாசிக்கக் கற்றே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே வேதத்தை வாசித்து, மனனம் செய்து, பொருள் கேட்டார்கள். இருமொழி ஏட்டில் இரண்டாவதாக இருந்த மொழி, இந்த மடங்களில் முதல் மொழியாயிற்று.

இன்னொரு விவரமும் கவனிக்கத்தக்கது. ஒஸ்லோ, ஸ்ட்ராஸ்பூர் ஏடுகளின் கொப்திக், அக்மீம் வட்டார வழக்கு. ஹம்பர்க் ஏட்டில் இருப்பது ஃபாயூம் பகுதி வழக்கு. அரசவையோ தலைநகரமோ நிர்ணயித்த ஒரே தரப்படுத்திய மொழிக்காக யாரும் காத்திருக்கவில்லை. அந்தந்த ஊரில் கேட்பவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே வேதம் அவர்களிடம் பேசியது.

எழுத்தைக் கடன் வாங்கியது யார்?

கொப்திக் மொழிக்கென ஓர் எழுத்துமுறை இதே காலத்தில்தான் நிலைபெற்றது. கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்காகப் பழைய எகிப்திய எழுத்திலிருந்து ஆறேழு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள்பவரின் எழுத்தைக் கடன் வாங்கினாலும் பயன் எகிப்தியருக்கே போயிற்று. வாசிக்கப்போகிறவர் எகிப்தியர் என்பதை மனத்தில் வைத்தே அந்த எழுத்து அமைந்தது.

தமிழின் முதல் அச்சு நூல் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. 1554 இல் லிஸ்பனில் அச்சான கார்த்தில்யா, தமிழும் போர்த்துக்கீசமும் கலந்த செபநூல். விசென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா தெ குரூஸ் என்ற மூன்று தமிழர்கள் அதை ஆக்கினார்கள். தமிழ் வரிகள் உரோம எழுத்தில் அச்சாகி, போர்த்துக்கீசப் பொருளோடு வரி வரியாக வருகின்றன. உரோம எழுத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும். பெரும்பான்மைத் தமிழருக்கு அது தெரியாது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சாக 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மொழிகள் ஒரு பக்கத்தில் இருப்பதனாலேயே அந்தப் பக்கம் இரு தரப்புக்கும் உரியதாகிவிடாது என்பதைக் கார்த்தில்யா காட்டுகிறது.

திருநெல்வேலியிலிருந்து வந்த வேதம்

கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் கைக்குப் போனது. அடுத்த இரு பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் மலைகளில் பரவின. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆள் கட்டி வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியில் நடந்த அந்தப் பயணத்தில் இறந்தவர்கள் ஏராளம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் இலைநோய் தாக்கியதும் கோப்பி மெல்ல மெல்ல அழிந்து, தேயிலை இடம்பிடித்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராக்கள் மட்டும் அப்படியே நின்றன.

1854 இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஆங்கிலிக்கன் மிஷன் பணி தோட்டங்களில் தொடங்கியது. இந்தப் பெயரே அன்றைய பார்வையைச் சொல்லிவிடுகிறது. பணியின் செலவில் தோட்டத் துரைமாரின் நன்கொடைக்குப் பெரும் பங்கு இருந்தது. அமைதியான தொழிலாளர் வேண்டும் என்ற எண்ணமும் அந்த நன்கொடையோடு சேர்ந்தே வந்தது. ஆனால் லயங்களுக்கு நடந்து போனவர்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலும் ஸ்டோரிலும் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் நின்று அவர்கள் வாசித்தது தமிழ் வேதம்.

அந்த வேதத்துக்கு ஏற்கெனவே நூற்றைம்பது ஆண்டு வரலாறு இருந்தது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15 இல் அச்சிட்ட புதிய ஏற்பாடு, பிலிப் தெ மெல்லோ மொழிபெயர்த்து 1759 இல் கொழும்பில் அச்சான புதிய ஏற்பாடு, பப்ரிசியுஸ் பதிப்பு, ஆறுமுக நாவலரின் துணையோடு பீற்றர் பேர்சிவல் உருவாக்கி 1850 இல் வெளிவந்த பதிப்பு என்று அது பல கைகள் பட்டுப் பண்பட்டிருந்தது. முத்தையாப்பிள்ளையின் உதவியோடு ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871 இல் முழுமையான பதிப்பைத் தமிழகமும் யாழ்ப்பாணமும் பொதுவாக ஏற்றன. ஆகவே மலையகத்துக்கு வந்த வேதத்தின் பக்கத்தில் ஆள்பவரின் மொழி இல்லை. நைல் கரையின் இருமொழி ஏடுகளில் கொப்திக் கிரேக்கத்தின் கை பிடித்தே பக்கத்தில் நின்றது; தோட்டத்துக்கு வந்த தமிழ் வேதமோ தமிழ் மட்டுமே பேசியது.

இதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. துரையின் முன் தலைகுனிந்து நிற்க வேண்டிய ஒருவருடைய மொழி, அச்சிட்ட கனமான புத்தகமொன்றில் துணைமொழி எதுவும் இன்றி முழுமையாக நின்றது. இதில் ஒரு பிரிவினையும் இருக்கிறது. நைல் கரையில் இரண்டு மொழிகளும் ஒரே சபையில், ஒரே நேரத்தில், ஒன்றையொன்று விளக்கியபடி ஒலித்தன. மலையகத்தில் அவை பிரிந்து நின்றன. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852 இல் எழுந்தது; திக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878 இல் எழுந்தது. தோட்டத்துரைமாரின் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட இத்தகைய ஆலயங்களின் மொழி ஆங்கிலம். தமிழ் ஆராதனைக்கு வேறு வேளை, பல தோட்டங்களில் வேறு இடம். ஒரே வேதத்தை வாசித்த இரு சாராரும் ஒருவர் வாசித்ததை மற்றவர் கேட்கும் ஏற்பாடு அரிதாகவே இருந்தது. கத்தோலிக்க ஆலயங்களில் பூசை இலத்தீனில் நடந்தது. பிரசங்கமும் செபமாலையும் தமிழில் நடந்தன. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அனுமதித்த பிறகே பூசையும் தமிழுக்கு மாறியது.

தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோர் இந்துக்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் அவர்களுடைய பொதுவாழ்வை நிறைத்தன. வேதம் அந்தப் பரந்த தமிழ் உலகத்தின் ஒரு பகுதியாக மட்டுமே இருந்தது.

மலையகத்தின் இருமொழிப் பக்கங்கள்

அப்படியானால் மலையகத்தில் இருமொழிப் பக்கமே இல்லையா? இருந்தது. அது வேதத்தில் இல்லை.

1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்ற கிறிஸ்தவரின் கோப்பிக் கிருஷிக் கும்மி யாழ்ப்பாணத்தில் அச்சானது. மலையகத் தமிழின் முதல் அச்சு நூலாக ஆய்வாளர்கள் அதைக் கருதுகிறார்கள். தமிழ்க் கும்மிப் பாட்டோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்த நூலில் உண்டு. கோப்பி பயிரிடும் முறைகளைச் சொல்லும் அந்தப் பாட்டில் துரைமாரின் பெருமை ஓங்கி ஒலிக்கிறது. ஆங்கிலப் பகுதியை வாசிக்கப் போகிறவர் யார் என்பது இதிலிருந்தே தெரியும். தொழிலாளருக்குத் தமிழில் பாடிய பாட்டு, துரையின் பார்வைக்கும் வைக்கப்பட்டது.

அதன் பிறகு துரைமாருக்கான தமிழ்க் கையேடுகள் வந்தன. கொழும்பில் பெர்குசன் பதிப்பகம் வெளியிட்ட இங்கே வா என்ற சிறு நூல், புதிதாக வந்த சின்னத்துரைக்கு வேலை வாங்கத் தேவையான தமிழைக் கற்பித்தது. வெல்ஸ் எழுதிய கூலித் தமிழ் 1915 இல் வெளிவந்தது. மு. நித்தியானந்தன் 2014 இல் தம் ஆய்வு நூலுக்கு அதே தலைப்பைச் சூட்டி, இந்த நூல்களையெல்லாம் மலையக இலக்கிய வரலாற்றின் முன்னரங்குக்குக் கொண்டுவந்தார். அந்தப் பணிக்கு மலையகம் கடன்பட்டிருக்கிறது.

இந்தக் கையேடுகளையும் நைல் கரை ஏடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். எகிப்திய ஏட்டில் இரண்டாவது மொழியைச் சேர்த்தது, கேட்கும் எளிய மக்களுக்காக. தோட்டத்துக் கையேட்டில் இரண்டாவது மொழியைச் சேர்த்தது, ஏவும் ஒருவருக்காக. பாப்பிரஸ் 62 இன் பக்கத்தில் உழைத்துக் களைத்தவரை இளைப்பாற வரச் சொல்லும் குரல் இருக்கிறது. கையேட்டின் அட்டையிலும் உழைப்பவரை வரச் சொல்லும் குரலே இருக்கிறது. அது வேலைக்கு அழைக்கும் குரல். கிரேக்கம் தெரிந்த குரு எகிப்தியக் குடியானவருக்குத் தன் அறிவைத் திறந்து காட்டினார். தமிழ் கற்ற துரை தன் ஆங்கிலத்தைத் தொழிலாளிக்குத் திறக்கவில்லை. கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது, தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு எப்படி எழுதப்பட்டது, கங்காணியின் கடன்கணக்கில் என்ன இருந்தது என்பதெல்லாம் தொழிலாளி வாசிக்க முடியாத பக்கங்களில் இருந்தன.

அந்த நிலையை மாற்ற முனைந்தவர்களும் இருமொழிக்காரர்களே. கோ. நடேசய்யர் சட்டத்தையும் உரிமையையும் தோட்டத் தொழிலாளருக்குத் தமிழில் எழுதி அச்சிட்டார்; அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாகப் பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதி மலையக வாழ்வை வெளியுலகுக்குக் காட்டினார். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தமிழில் தொகுத்தார். எகேரியா கண்ட குருவின் பணியை மலையகத்தில் செய்தவர்கள் என்று இவர்களையே சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தாரின் அறிவை மறுபக்கத்தாருக்குக் கொண்டுபோனார்கள்.

அரசின் மொழி மாறியபோது

எகிப்தில் 639 இல் தொடங்கிய அரபுப் படையெடுப்புக்குப் பிறகு, 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு அலுவலக மொழியாயிற்று. கிரேக்கம் மறைந்தது. கொப்திக்கும் நாளடைவில் பேச்சிலிருந்து விலகியது. 12 ஆம் நூற்றாண்டில் மறைமுதல்வர் இரண்டாம் காபிரியேல், மக்களுக்குப் புரியும்படி செபங்களை அரபில் கற்பிக்கச் சொன்னார். புதிய இருமொழி ஏடுகளில் கொப்திக்கும் அரபும் அருகருகே வந்தன. வழிபாட்டில் மட்டும் காக்கப்பட்ட கொப்திக்கைக் கற்றுக்கொண்டதனால்தான் சாம்போலியோன் 1822 இல் பழைய எகிப்தியச் சித்திர எழுத்துகளின் புதிரை அவிழ்க்க முடிந்தது. ஒரு காலத்தில் குடியானவரின் மொழி என்று ஒதுக்கப்பட்டது ஒரு நாகரிகம் முழுவதற்கும் திறவுகோலாயிற்று.

இலங்கையிலும் அரசின் மொழி மாறியது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மக்கள் வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட ஆவணங்கள் அவர்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று தீர்மானித்தன. பிறப்புச் சான்றிதழில் பெயர் தவறாக எழுதப்பட்டதால் அடையாள அட்டைக்கும் சேமலாப நிதிக்கும் அலைந்த குடும்பங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. எனினும் சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசிக்கத் தெரிந்தவரைத் தேடும் நிலை இன்னும் முழுமையாக நீங்கவில்லை.

இங்கே நைல் கரை ஏடு ஓர் அளவுகோலாகிறது. இருமொழி நிர்வாகம் என்பது பெயர்ப்பலகையில் இரண்டு மொழிகளை எழுதுவதோடு முடிந்துவிடாது. பக்கத்தின் இரண்டாவது மொழி, அதைப் பேசுபவரை மனத்தில் வைத்து, அவர் கேட்டுப் புரிந்து பதில் சொல்லும்படி எழுதப்பட வேண்டும். 4 ஆம் நூற்றாண்டில் ஓர் எளிய எழுத்தர் குடியானவருக்காகச் செய்ததை 21 ஆம் நூற்றாண்டு அரசு தன் குடிமக்களுக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

ஈரத்திலிருந்து மீட்க வேண்டியவை

எகிப்திய ஏடுகள் எஞ்சியதற்குக் காரணம் மழை அரிதான மணல். கைவிடப்பட்ட ஊர்களின் குப்பைமேடுகளில்கூட அவை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. அட்டனிலும் நுவரெலியாவிலும் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் காகிதத்தைச் சில பத்தாண்டுகளிலேயே பூஞ்சைக்கும் கறையானுக்கும் கொடுத்துவிடும். ஆகவே மலையகத்தின் ஏடுகளைக் காப்பது முழுக்க முழுக்க மனிதர் பொறுப்பு.

தேடவேண்டியவை எங்கே இருக்கின்றன என்பது தெரிந்ததே. தோட்டத்து ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் திருமணப் பதிவேடுகளும் பல குடும்பங்களின் முதல் எழுத்துச் சான்றுகளாக இருக்கக்கூடும். உபதேசியார்களின் நாட்குறிப்புகள், தோட்டப் பள்ளிகளின் வரவு ஏடுகள், குடும்பத்தாரின் பிறப்பு இறப்பு தேதிகள் முன்பக்கத்தில் குறித்த வேதப் புத்தகங்கள், கோயில் திருவிழாக் கணக்குகள், கூத்து வாத்தியார்களின் ஏடுகள், பிரட்டுப் புத்தகங்கள் ஆகியவையும் அதே தகுதி உடையவை. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில் 2007 இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் தொடங்கப்பட்டன. நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. 2023 இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டுகளின் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, தங்கள் வரலாற்றைத் தாங்களே சொல்லும் உறுதி எல்லோருக்கும் தெரிந்தது. அந்த உறுதிக்கு அடுத்த வேலை ஆவணத் தொகுப்பு. ஒவ்வொரு சபையும், ஒவ்வொரு கோயில் சபையும், ஒவ்வொரு பாடசாலையும் தன் அலுமாரியைத் திறந்து, இருப்பதைப் பட்டியலிட்டு, படமெடுத்து, பொதுக் காப்பகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். தமிழில் இருப்பதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து, நாட்டின் மற்றவர்கள் மலையகத்தை அதன் சொந்தக் குரலில் அறியும்படி செய்ய வேண்டும். அப்படி உருவாகும் பக்கங்களில்தான் மலையகத்தின் மொழி தன் பொருளைத் தானே சொல்லும் மொழியாக, மற்ற இரு மொழிகளுக்கும் சமமாக நிற்கும்.